வீட்டுக்குள் வைத்த கடல்

கமாலுதீன் கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து உள்ளறையில் வைத்த அன்றே அவன் மனைவி ஜெயினம்பு அந்த அறைக்குள் போவதை நிறுத்திவிட்டாள். அது மகள் நஸ்ரியா படுத்துறங்கிய அறை.

நஸ்ரியாவைக் கடல் கொண்டுபோனது எண்பத்தைந்தாம் வருஷம், ஒடுக்கத்துப் புதன் அன்று. சஃபர் மாதத்தின் கடைசிப் புதன்கிழமை பெண்களும் பிள்ளைகளும் கடற்கரைக்குப் போய்க் கால் நனைத்துவிட்டு வருவது அவர்கள் தெருவில் வழக்கம். அந்த வருஷம் அது ஐப்பசி மழையோடு வந்தது. சோறு கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டு போன கூட்டம், ஒரு பிள்ளை குறைந்து அழுதுகொண்டு திரும்பியது. எக்கியார்குப்பத்திலிருந்து அனுமந்தை வரைக்கும் கட்டுமரக்காரர்கள் தேடிப் பார்த்தார்கள். உடல் கிடைக்கவில்லை. மய்யத்து இல்லாமலே ஜனாஸா தொழுகை நடத்தினார்கள்.

கமாலுதீன் அப்போது பஹ்ரைனில் ஒரு அரபி வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். தந்தி வந்ததும் லீவு கேட்டான். மய்யத்தே இல்லாத ஊருக்குப் போய் என்ன செய்யப்போகிறாய் என்று சொல்லி, அரபி அவன் பாஸ்போர்ட்டைக் கையில் தரவில்லை. ஒப்பந்தம் முடிந்து அவன் ஊர் வந்து சேர எண்பத்தேழாகிவிட்டது. வந்தவன் மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜெயினம்புவும் சொல்லவில்லை. உப்பு லாரிகளுக்கு மூட்டை ஏற்றிவிடும் இடத்தில் கணக்குப்பிள்ளை வேலைக்குப் போனான். வந்தான், சாப்பிட்டான், படுத்தான்.

ஒரு வருஷம் அப்படியே போன பிறகுதான் தொட்டி வந்தது. புதுச்சேரியில் கண்ணாடி அறுத்து வாங்கி, பஹ்ரைனிலிருந்து கொண்டுவந்த பசையால் அவனே ஒட்டினான். முதல் தடவை மூலையில் ஒழுகியது. பிரித்துத் திரும்ப ஒட்டினான். கரைத்தண்ணீர் கலங்கல் என்று, அனுமந்தை தேசப்பனின் படகில் அலை தாண்டிப் போய் பிளாஸ்டிக் கேன்களில் தண்ணீர் மொண்டுவந்தான். வலையில் சிக்கி வரும் பாறைத் துண்டுகளை தேசப்பன் வழக்கமாகத் திரும்பக் கடலிலேயே எறிந்துவிடுவான். இப்போது அவற்றை ஈரச்சாக்கில் சுற்றி எடுத்துவைத்தான்.

"இன்னாத்துக்கு பாய் இந்தக் கல்லு?" என்று கேட்டான் தேசப்பன்.

"அரபி வூட்டுல இதுமாதிரி கல்லுப் போட்டு ஒரு தொட்டி வெச்சிருந்தாங்கப்பா. அதக் கழுவிக்கினு இருந்தப்பதான் எனக்குத் தந்தி வந்துச்சு."

தேசப்பன் அதற்குமேல் கேட்கவில்லை.

ஜெயினம்பு கேட்டாள். தண்ணீர் நிரப்பிய அன்று வாசற்படியிலேயே நின்று கேட்டாள். "எம்புள்ளைய முழுங்கின தண்ணியக் கொண்டாந்து அவ படுத்த எடத்துலயே வெக்கிறீங்களே, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதா இல்லியா?"

அவன் தண்ணீருக்குள் காற்று ஊதும் மோட்டாரின் ரப்பர் குழாயைச் செருகிக்கொண்டிருந்தான்.

முதல் சில வாரங்கள் தண்ணீர் பால்போலக் கலங்கி நாறியது. பிறகு கண்ணாடி முழுக்கப் பழுப்புப் பாசி. அவன் பதறவில்லை, மீனும் விடவில்லை. வெயிலில் நீர் வற்றினால் உப்பு மட்டும் தொட்டியிலேயே தங்கிவிடும் என்று, குறைந்த அளவுக்குக் கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றினான். மெல்ல மெல்லத் தண்ணீர் தெளிந்தது. கல்லில் சுண்ணாம்பு அடித்ததுபோல ஊதா நிறப் படலம் படர்ந்தது. தொட்டால் சுருங்கிக்கொள்ளும் கடல்பூ இரண்டு விரிந்தன. சங்கைச் சுமந்துகொண்டு ஒரு நண்டு அலைந்தது. அதன் பிறகே விரல் நீள வரிமீன்கள் நாலைக் கொண்டுவந்து விட்டான். வேலைவிட்டு வந்தால் அதன் எதிரிலேயே தரையில் உட்கார்ந்திருப்பான். கூடத்திலிருந்து ஜெயினம்புக்கு அவன் முதுகும், மோட்டாரின் உறுமலும்தான்.

கார்த்திகையில் திரும்ப விசாவுக்கு ஏஜெண்டைப் பார்க்க மெட்ராஸ் போனான். போன மறுநாள் புயல் மழை அடித்தது. பஸ் நின்றது, கரண்டும் போயிற்று.

மோட்டார் நின்றதும் வீட்டில் வேறு மாதிரி ஒரு அமைதி. ஜெயினம்பு பொழுது முழுக்க அடுப்படியிலேயே இருந்து பார்த்தாள். மறுநாள் காலையில் முடியவில்லை, உள்ளே போனாள். மீன்கள் நாலும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

அவளால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சொம்பை எடுத்து வந்தாள். தண்ணீரை மொண்டு உயரத் தூக்கி ஊற்றினாள். நுரை கிளம்பியது. மீன்கள் கொஞ்சம் கீழே இறங்கின. நிறுத்தினால் மறுபடி மேலே வந்தன. கை மாற்றி மாற்றி ஊற்றினாள். தோள் வீங்கியது. கடல்பூ ஒன்று கரைந்து சளியாகத் தொங்க, தண்ணீர் வெளுத்து நாற ஆரம்பித்தது. வழித்து வெளியே போட்டுவிட்டு ஊற்றினாள். பக்கத்து வீட்டு தெய்வநாயகி வந்து, "உட்டுடுக்கா, மீனுதானே" என்றாள். ஜெயினம்பு சொம்பைக் கீழே வைக்கவில்லை. மீன்கள் ஒவ்வொன்றாய்ப் பக்கவாட்டில் சாய்ந்தன.

கமாலுதீன் திண்டிவனத்திலிருந்து மழைத்தண்ணீருக்குள் நடந்தே வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நண்டுகூட மிஞ்சவில்லை. அவள் நனைந்த சேலையோடு தொட்டியடியில் உட்கார்ந்திருந்தாள். அவன் நாற்றத்தையும் சொம்பையும் அவள் கையையும் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நானும் ஊத்திப் பாத்தேங்க" என்றாள். "உசுரு நிக்கல."

சொம்பை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு அவன் கேட்டான். "அன்னிக்கு இன்னா ஆச்சு ஜெயினம்பு?"

மூன்று வருஷமாக அவள் பயந்துகொண்டிருந்த கேள்வி அது. பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வரவில்லை.

"கால் நனைச்சிட்டு மேல வந்துட்டா. செருப்பு ஒண்ண அலை இழுத்துக்கினு போயிடுச்சு. போவட்டும் வாடின்னேன். அத்தா அனுப்பிச்சதும்மா, உடமாட்டேன்னு ஓடினா..."

பஹ்ரைனிலிருந்து அவன் அனுப்பிய சிவப்புச் செருப்பு. அளவு சரியாக இருக்கிறதா என்று கடிதத்தில் கேட்டிருந்தான்.

"இதுக்குத்தான் சொல்லாம இருந்தியா?"

அவள் தலையசைத்தாள். அவன் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அழுதானா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மழை விட்டதும், இடத்தைக் காட்டச் சொல்லி அவளைக் கடற்கரைக்கு அழைத்துப் போனான். அன்றைக்குப் பிறகு அவள் அந்தப் பக்கமே போனதில்லை. புயல் கரையை வெட்டி எடுத்திருந்தது. அன்று சோறு வைத்துச் சாப்பிட்ட மேடே இல்லை. அவள் வடக்கே கொஞ்ச தூரம் நடந்தாள், திரும்பித் தெற்கே வந்தாள்.

"இங்கதான்னு நெனைக்கிறேங்க. தெரியலியே" என்றாள்.

"பரவால்ல" என்று சொல்லிவிட்டு அவன் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கையேந்தி நின்றான். ஓதி முடிக்கும்வரை ஜெயினம்பு பின்னாலிருந்து அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தை மாதம் விசா வந்தது. கமாலுதீன் போய்விட்டான். தொட்டியை டீக்கடைக்காரன் கேட்டு வாங்கிப்போய், அதில் பன்னும் பொறையும் அடுக்கி வைத்தான்.