சாவியை வாங்க ஆள் இல்லை

மரகதத்துக்குக் கைராசி உண்டு என்று பெங்களூர் ஈஜிபுராவில் சொல்வார்கள். கைராசி என்று ஒன்று கிடையாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தொடுவாள், அவ்வளவுதான். அவளிடம் இருந்தது பிடிவாதம். எங்கள் சுகாதார நிலையம் மூடப்படாமல் இருப்பதற்குக் காரணம் அது.

ஒக்கலிபுரத்தில் பிறந்தவள். அப்பா சிட்டி ரயில் நிலையத்தில் போர்ட்டர். கல்யாணமாகி ஈஜிபுராவில் ஒற்றை அறை வாடகைக்கு வந்தாள். கணவர் முனிகிருஷ்ணனுக்குப் பீன்யா தொழிற்பேட்டையில் லேத் வேலை. பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவள் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

1994இல் தாய்-சேய் நலத்துக்கென்று டெல்லி ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஐந்து வருடச் செலவு டெல்லியுடையது. அதன் பிறகு மாநில அரசு ஏற்று நடத்த வேண்டும். மாநகராட்சி இடம் கொடுத்தது. திறப்பு விழாவில் மூன்று தரப்பும் ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொண்டார்கள். கல்வெட்டில் மூன்று பெயரையும் வெட்டினார்கள். என்னை நர்ஸாகவும் மரகதத்தை ஆயாவாகவும் போட்டார்கள்.

அரசாங்கப் பணம் எப்படி வரும் என்பதை அங்கேதான் பார்த்தோம். ஏப்ரலிலிருந்து பஞ்சுக்குக்கூடத் திண்டாட்டம். மார்ச் பிறந்தால் கொட்டும். மாதக் கடைசிக்குள் செலவழிக்காவிட்டால் டெல்லிக்குத் திரும்பிப் போய்விடும் என்று, கேட்காத சாமானெல்லாம் வந்து இறங்கும். ஒரு மார்ச்சில் பிள்ளைகளை எடை பார்க்கும் மெஷின்களை ஆட்டோ நிறைய அனுப்பினார்கள். எங்களிடம் இருந்தது ஒரே மேஜை.

அப்படி இறங்கிய சாமான்களில் ஒரு எவர்சில்வர் பக்கெட் காணாமல் போனது. திட்ட அலுவலகத்து ஆள் ஒருவரே அதை எடுத்துப்போனார் என்று மரகதம் சொன்னாள். அவர் இல்லை என்றார். அவள் சம்பளத்தில் பிடித்தார்கள். அன்றிலிருந்து கையெழுத்து வாங்காமல் அவள் யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குத் துடைப்பம் இரவல் கொடுத்தாலும் கையெழுத்து. நான் தெர்மாமீட்டர் எடுத்தாலும் கையெழுத்து.

"என்னையுமா சந்தேகப்படுற?" என்று கேட்டேன்.

"உங்களை இல்ல சிஸ்டர். என் தலையெழுத்தத்தான்" என்றாள்.

1999 மார்ச்சோடு ஐந்து வருடம் முடிந்தது. டெல்லி பணத்தை நிறுத்தியது. மாநில அரசு தன் பட்ஜெட்டில் எங்களைச் சேர்க்கவில்லை. என்னை மாநகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். மரகதத்தை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

நிலையம் மூடினால் யாருக்கு நஷ்டம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஈஜிபுராவில் பாதிப் பெண்கள் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறவர்கள். எங்களிடம் வந்தால் ஷிஃப்டுக்கு முன்னால் பிள்ளைக்கு ஊசி போட்டுக்கொண்டு ஓடலாம். பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போய்விடும். கூலி போகும் என்றால் ஊசி போகும். எந்தத் தாயையும் அதற்காகக் குறை சொல்ல மாட்டேன்.

சாவியை வாங்க மாநில அரசின் கணக்கு சூப்பரிண்டெண்ட் தேசிகன் வந்தார். மல்லேஸ்வரத்துக்காரர். நல்ல மனிதர். நான் பொறுப்பை ஒப்படைப்பதற்காக அங்கே இருந்தேன்.

"இதோ பாருங்கோம்மா, உங்க மேல ஒரு தப்பும் இல்லை. திட்டம் முடிஞ்சுபோச்சு. சாவியைக் குடுங்கோ."

"குடுக்கறேன் சார். கையெழுத்துப் போடுங்க. நிலையத்தையும் சாமானையும் இன்ன ஆபீஸ்காரர் வாங்கிக்கிட்டார்னு போடுங்க."

தேசிகன் பேனாவைத் திறந்தார். மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"ஏன் சார், மை இல்லையா?"

"மை இருக்கும்மா. இதுல நான் கையெழுத்துப் போட்டா, மாநிலம் நிலையத்தை ஏத்துண்டதா ஆயிடும். சம்பளம், கரண்ட் எல்லாம் எங்க தலையில. டெல்லி போன வருஷத்துக்கே இன்னும் பாக்கி வெச்சிருக்கா. 'அதான் எடுத்துண்டேளே, இனிமே நீங்களே பாத்துக்கோங்கோ'ன்னுடுவா."

"அப்போ சாவி என்கிட்டயே இருக்கட்டும் சார்."

மறுநாள் காலையில் வழக்கம்போலக் கதவைத் திறந்து தரையைக் கழுவினாள்.

அடுத்து மாநகராட்சி குமாஸ்தா உமேஷ் வந்தான். அதை நான் பார்க்கவில்லை, இருவருமே என்னிடம் சொன்னார்கள்.

"ஆயம்மா, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் விட்டுக்கொடுங்க. சாவி கொடுங்க, நான் போறேன்."

"கையெழுத்துப் போடுப்பா, தர்றேன்."

"இடம் நம்மது. எதுக்குக் கையெழுத்து?"

"உங்களுதுன்னா நல்லதாப் போச்சு. உள்ள வந்து பாரு. மேல ஒழுவுது, ரிப்பேர் பண்ணிட்டுப் போ."

உமேஷ் கூரையைப் பார்த்தான். கட்டிடம் டெல்லிப் பணத்தில் கட்டியது, இடம் மட்டும்தான் மாநகராட்சியுடையது என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

தடுப்பூசி மருந்து மட்டும் நிற்கவில்லை. அது வேறு கணக்கில் டெல்லியிலிருந்து வருவது. மருந்து வருகிறது, போட ஆளுக்குச் சம்பளம் இல்லை. பிரசவ ஆஸ்பத்திரியில் என் மேட்ரன் நல்ல புத்திசாலி. வியாழக்கிழமைதோறும் எனக்கு வெளிப்பணி என்று எழுதிவைத்தார். நான் ஐஸ் பெட்டியோடு போய் ஊசி போட்டுவிட்டு வந்தேன். மற்ற நாட்களில் மரகதம் எடை பார்த்தாள், உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தாள், யார் வீட்டில் யாருக்கு எந்த மாதம் என்று தெரிந்துவைத்திருந்தாள். மின்சார பில் டெல்லித் திட்டத்தின் பெயரில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. அதை யாரும் தேடவில்லை. நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை.

முனிகிருஷ்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை நேராக நிலையத்துக்கே வந்துவிட்டார்.

"சம்பளம் இல்லாத வேலைக்கு இன்னாடி இவ்ளோ வீராப்பு? சிஸ்டர், நீங்களாவது சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "உங்க கம்பெனிய இழுத்து மூடனாங்களே, அப்போ கேட்டாண்ட அஞ்சு மாசம் உக்காந்துகினு இருந்தியே, அதுக்கு எவன் சம்பளம் குடுத்தான்?"

"அது யூனியன்."

"இதுவும் யூனியன்தான். நான் ஒருத்திதான் மெம்பரு. அந்த ஸ்டூல இந்தாண்ட போடு, புள்ளய எடை பாக்கணும்."

அவர் ஸ்டூலைப் போட்டார்.

மழைக்காலம் முடிந்ததும் டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தேசிகனும் உமேஷும் கூடவே வந்தார்கள். அன்று வியாழக்கிழமை. வாசலில் பெண்கள் பிள்ளைகளோடு நின்றிருந்தார்கள். மூன்று பேரும் எங்கள் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நிலையத்தை இன்றே மூடிக் கணக்கை முடிக்க வேண்டும் என்று டெல்லிக்காரர் ஆங்கிலத்தில் சொன்னார். தேசிகன் அதைத் தமிழில் சொன்னார்.

மரகதம் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள்.

"மூணு பேரும் இருக்கீங்க. கல்லுல பேரும் இருக்குது. எடுத்துக்குங்க. எடுக்கறவங்க கையெழுத்துப் போடுங்க."

டெல்லிக்காரர் தேசிகனைப் பார்த்தார். ஐந்து வருடம் முடிந்ததால் இது இனி மாநிலத்தின் சொத்து என்றார். பாக்கி வராமல் மாநிலம் ஏற்காது என்றார் தேசிகன். உமேஷ் தன் பேஜரை எடுத்துப் பார்த்தான். அது அடிக்கவே இல்லை. டீ வந்தது, ஆடை படிந்தது. வாசலில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அதைப் பார்த்து மற்றவையும் அழுதன.

"யாருக்கும் வேணாமா?" என்றாள் மரகதம். "அப்போ எனக்கு வேணும்."

சாவியை எடுத்து இடுப்பில் செருகினாள். "கொஞ்சம் எழுந்துக்குங்க சார். மேஜை வேணும். புள்ளைங்களுக்கு ஊசி போடணும்."

டெல்லிக்காரருக்குத் தமிழ் தெரியாது. அவர்தான் முதலில் எழுந்தார்.

அடுத்த ஏப்ரலில் மாநில அரசின் ஆணை வந்தது. மறு உத்தரவு வரும்வரை நிலையம் தொடரும், ஆயாவுக்குத் தொகுப்பூதியம் உண்டு என்றது. தேசிகன்தான் கோப்பை நகர்த்தினார் என்று பிறகு தெரிந்தது. மூடுவதற்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும், நடத்துவதற்கு மறு உத்தரவு போதும் என்று எழுதினாராம். அந்த மறு உத்தரவு இன்னும் வரவில்லை.

இடைப்பட்ட வருடத்துச் சம்பளம் மட்டும் கிடைக்கவில்லை. டெல்லி தர வேண்டும் என்று மாநிலம் சொல்கிறது. மாநிலத்துக்குக் கொடுத்தாயிற்று என்று டெல்லி சொல்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, மார்ச்சில், நல்ல புடவை கட்டிக்கொண்டு மரகதம் பஸ் ஏறிப்போய் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வருகிறாள். கிடைக்கும் என்று நம்பிப் போகவில்லை. கேட்பதை நிறுத்தினால் கணக்கை முடித்துவிடுவார்கள் என்று போகிறாள்.

2006இல் கூரையை மாற்றிக் கதவையும் மாற்றினார்கள். புதுப்பூட்டு வந்தது. பழைய சாவி இன்னும் அவள் இடுப்பில் இருக்கிறது. இப்போது தலை நரைத்துவிட்ட உமேஷ் போன மாதம் கிண்டலாகக் கேட்டான்: "பூட்டே இல்லையே ஆயம்மா, இந்தச் சாவியாவது கொடுக்கக் கூடாதா?"

"கையெழுத்துப் போடு, தர்றேன்" என்றாள்.

அவன் போடவில்லை.