வட்டத்தின் முன்வரிசை

சுவிசின் பீல் நகரத் தமிழ் மன்றத்தில் தம்பித்துரை அண்ணையைத் தெரியாதவர் இல்லை; அவர் கதிரையில் அமர்ந்திருக்கப் பார்த்தவரும் இல்லை. மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை முடிந்ததும் நேரே மண்டபத்துக்கு வந்து கதிரை அடுக்குவார். முன்வரிசைக்கு வெள்ளைத் துணி போட்டு, 'பிரமுகர்' என்று தாள் ஒட்டுவார். பிறகு பின்சுவரில் சாய்ந்து நிற்பார்.

சுவிசுக்கு வந்த புதிதில் ஒரு விழாவில் அவரும் முன்வரிசையில் இருந்தவர்தான். விளக்கேற்ற முன்னமே ஒருவர் வந்து, ஊரில் எந்தப் பக்கம் என்று விசாரித்தார். சாதியை வாய்விட்டுக் கேட்காத நாகரிகம். பதில் கிடைத்ததும், "தம்பி, எழும்பும். ஆக்கள் வருகினம்," என்றார். தம்பித்துரை எழும்பினார். தானும் ஆள்தானே என்று அவருக்குத் தோன்றியபோது வீட்டுக்குப் போகும் பஸ் பாதி வழி வந்துவிட்டது. அன்றுமுதல் ஒரே ஆசை: முன்வரிசையில் இருக்கவேணும், ஒருவரும் எழுப்பக்கூடாது.

மன்றத் தலைவர் ஜெகதீஸ்வரன் ஆண்டுதோறும் 'அடுத்த வருசம்' என்றார். இந்த முறை தப்ப வழியில்லை. நிகழ்ச்சியை நடத்துவதே தம்பித்துரையின் மகள் ரிஷானி.

ரிஷானி பேர்ணில் படிக்கிறவள். பஸ்ஸில் இருக்கையை விட்டு எழும்ப மறுத்த கறுப்பின மக்களின் போராட்டமும், ஆபிரோஃபியூச்சரிசமும் அவள் படிப்பு. உனக்கு இங்கே இடமில்லை என்று சொல்லப்பட்டவர்கள், வரப்போகும் உலகத்தைத் தாங்களே கற்பனை செய்து நட்சத்திரங்களுக்கு நடுவில் வீடு கட்டிய கதைகள் அவை. பீலில் இருக்கும் கொங்கோக் குடும்பங்களும் நாங்களுமாகச் சேர்ந்து நீதியான ஓர் ஊரை ஒரு மாலை கற்பனை செய்வோம் என்றாள். நிர்வாகக் குழு ஏகமனதாக வரவேற்றது. அந்த ஊரில் எல்லையில்லை, விசாவில்லை என்று தலைவர் உருகினார். பழைய மாணவர் சங்கங்களுக்கு விண்கலத்தில் தனித்தனிப் பெட்டி உண்டோ என்று மட்டும் செயலாளர் கேட்டார்.

நிகழ்ச்சியன்று தம்பித்துரை வெள்ளைத் துணியோடு போனால், ரிஷானி கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தாள்.

"முன்வரிசை எங்க பிள்ளை?"

"வட்டத்துக்கு முன்வரிசை இல்லை, அப்பா."

"நான் முன்னுக்கு வாற வருசம் பாத்து அதை இல்லாமச் செய்துபோட்டியே."

அவர் வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒலிவாங்கிக்குப் பக்கத்துக் கதிரைதான் முன்வரிசை என்று தீர்மானித்தார். அதற்குத் துணி போட்டுவிட்டுத் தலைவாரப் போனார். திரும்பி வந்தால், ரிஷானியின் கொங்கோத் தோழியின் தாய் மதாம் எஸ்பெரான்ஸ் அதில் இருந்தார். முதியோர் இல்ல வேலையில் நாள் முழுக்க நின்ற கால்களைச் சப்பாத்திலிருந்து விடுவித்திருந்தார்.

தம்பித்துரை குனிந்து, தொழிற்சாலைப் பிரெஞ்சில் மரியாதையாகச் சொன்னார்: "மதாம், எழும்புங்கோ. ஆக்கள் வருகினம்."

சொல்லி முடியமுதலே அந்தக் குரல் யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வரட்டுமே, மெஸ்யூ. நான் எழும்பமாட்டேன்," என்றார் அந்த அம்மா. "நீங்கள் ஒரு கதிரை கொண்டுவாருங்கள்." பிறகு தன் கதிரையைச் சற்றுத் தள்ளினார். பக்கத்தவரும் தள்ளினார். வட்டம் முழுக்கக் கரகரவென்று நகர்ந்து அவருக்கு இடம் விட்டது.

தம்பித்துரை இருந்தார். பிரமுகர்கள் பேச்சின்போது தூங்குவதை அதுவரை பிடரியைப் பார்த்து ஊகித்தவர், அன்றுதான் முகத்தில் கண்டார்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் வட்டத்தைப் புகழ்ந்து தள்ளினார். ஆண்டு விழாவுக்கும் வட்டம்தான், ஒன்றல்ல, இரண்டு. உள்வட்டத்துக்கு வெள்ளைத் துணி. அதில் தம்பித்துரை அண்ணைக்கும் ஓர் இடம்.

"என்னை எழுப்பமாட்டியளோ?"

"சீ, என்ன கதை. ஆக்கள் கனக்க வந்தால் பாப்பம்."

தம்பித்துரை துணியை மடித்து மேசையில் வைத்தார். "அப்ப கதிரையையும் நீங்களே பாருங்கோ."

ஆண்டு விழாவன்று கதிரைகள் அறையில் அடுக்கியபடியே இருந்தன. கதிரை தூக்கினால் பிரமுகர் இல்லை என்றாகிவிடும் என்பதால் ஒருவரும் தூக்கவில்லை. மூன்று மணிநேரப் பேச்சையும் நின்றே கேட்டார்கள். முதன்முறையாக ஒருவரும் தூங்கவில்லை.