முதுகு தணிகாசலம்

எழுபதுகளில் ஆரணிப் பக்கத்து டூரிங் கொட்டகைகளில் ராஜா ராணிப் படம் ஓடினால், மணல் தரையிலிருந்து ஒரு குரல் கட்டாயம் கிளம்பும்.

"அதோ, அதோ! அது நான்தான்!"

திரையில் ஒரு சிப்பாய் மார்பில் அம்பு பட்டு, குதிரையோடு சாய்ந்துகொண்டிருப்பான். முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

"எங்கய்யா, மூஞ்சியே காணோம்?"

"முதுகப் பாருய்யா. அந்த முதுகு என்னுது."

இப்படித்தான் சேவூர் தணிகாசலத்துக்கு முதுகு தணிகாசலம் என்ற பேர் வந்தது. அவர் பொய் சொல்கிறவர் இல்லை. கோடம்பாக்கத்தில் இருபது வருஷத்துக்கு மேல் குதிரையிலிருந்து விழுவதையே தொழிலாக வைத்திருந்தவர். கதாநாயகனுக்குப் பதிலாகக் குதிரை ஏறி எதிரியை வெட்டி, மறுநாள் அதே எதிரியாக வேஷம் போட்டு, தன் கையால் தானே வெட்டுப்பட்டு விழுந்த படமும் உண்டு. எந்தப் படமானாலும் சண்டை மாஸ்டர் சொல்வது ஒன்றேதான்: "மூஞ்சிய மறைச்சி விழுப்பா." முகம் தெரிந்தால் அந்த டேக் வீண். அதனால் தணிகாசலம் விழும்போது முகத்தைக் கழுத்துக்குள் இழுத்துக்கொள்ளப் பழகியிருந்தார். கடைசியில் தூங்கும்போதுகூடக் குப்புறத்தான் படுப்பார்.

ராஜா ராணிப் படங்கள் எடுபடாமல் போய், எல்லாரும் கார் துரத்தல் கேட்க ஆரம்பித்த காலத்தில் குதிரை முதலாளி லாயத்தை மூடினார். தணிகாசலத்துக்குக் கணக்குத் தீர்க்க அவரிடம் குதிரை ஒன்றுதான் மிச்சம் இருந்தது. வெள்ளையில் லேசாகச் சாம்பல் கலந்த அந்தக் குதிரைக்கு நவாபு என்று பேர். இரண்டு பேரும் காஞ்சிபுரம், செய்யாறு வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள்.

தறியில் உட்கார்ந்திருந்த காசியம்மாள் வாசலில் குதிரையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"அய்ய! மெட்ராஸ்ல இருந்து நாலு பாத்திரம் பண்டம் வாங்கினு வருவன்னு பாத்தா, இத்த இட்டுகினு வந்துகீறியே."

"பாவம், அதுக்கும் யாரும் இல்ல காசி."

"இங்க மட்டும் யாரு கீறாங்க? எனக்கே நீ இருந்தியா?"

ஆனால் அன்று மாலையே நவாபுக்குக் கொள்ளு ஊறவைத்தது அவள்தான். அவருக்குத்தான் ஒரு கண்டிஷன் போட்டாள். கடைசிப் படத்தில் இடது தோள் எலும்பு முறிந்து கட்டோடு வந்திருந்த மனிதரைப் படவேட்டு அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போய், கற்பூரத்தின் மேல் கை வைக்கச் சொன்னாள். "இனிமே குதுரையில இருந்து வுழ மாட்டேன்." தணிகாசலம் சத்தியம் பண்ணினார். அதற்கப்புறம் பல வருஷம் அவர் எதிலிருந்தும் விழவில்லை.

நவாபு கல்யாணக் குதிரை ஆனது. பட்டு நெய்கிற ஊரில் கல்யாணத்துக்குக் குறைவில்லை. மாப்பிள்ளை அழைப்பு என்றால் முள்ளிப்பட்டிலிருந்தும் சேத்துப்பட்டிலிருந்தும் ஆள் வரும். தணிகாசலம் சினிமாக் கம்பெனி கொடுத்த பழைய சிவப்புச் சிப்பாய்க் கோட்டைப் போட்டுக்கொண்டு குதிரையைப் பிடித்து நடப்பார். வேலூரில் ஜட்கா ஓட்டுகிற ஒருவர் நவாபைக் கேட்டு ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார். "கல்யாணக் கிராக்கி இருக்கிற வரைக்கும் இருக்கட்டும், இல்லாத அன்னிக்கு வேலூருக்கு ஓட்டிடு, நம்மால தீனி போட முடியாது" என்று காசியம்மாள் சொல்லியிருந்தாள். அந்த ஜட்காக்காரரின் குதிரைகளைத் தணிகாசலம் பார்த்திருக்கிறார். விலா எலும்பை எண்ணிவிடலாம்.

நவாபிடம் ஒரே ஒரு சிக்கல். படத்துக்காக விழப் பழகிய குதிரை அது. ஷூட்டிங்கில் குதிரை விழுகிற இடத்தைத் தோண்டி, மணலும் உமியும் கொட்டி மெத்தையாக்கி வைப்பார்கள். மெத்தை காலில் பட்டவுடன், மேலே இருப்பவர் கடிவாளத்தின் இடது வாரைச் சுருக்கி இழுத்தால், நவாபு முன்னங்காலை மடக்கி, இடது பக்கமாகப் பூப்போலச் சாயும். சாய்ந்தபின் கண்ணை மூடிப் பிணமாகக் கிடக்கும். கழுத்தில் தட்டினால்தான் எழுந்திருக்கும். வெறும் தரையில் யார் வாரை இழுத்தாலும் விழாது. இழுத்தவரைத் திரும்பி ஒரு பார்வை பார்க்கும், அவ்வளவுதான்.

அதனால் ஊர்வலத்துக்கு முன் தெருவை ஒரு நடை நடந்து பார்ப்பது தணிகாசலத்தின் வழக்கம். எங்கே பள்ளம், எங்கே மணல் குவித்திருக்கிறார்கள் என்று மனசில் வாங்கிக்கொள்வார். மாப்பிள்ளையிடம் வாரைக் கொடுக்கவே மாட்டார்.

எண்பத்தொன்று ஆவணியில் பலராமன் வீட்டுக் கல்யாணம் வந்தது. பலராமன் ஆரணியில் பல வீடுகளுக்குப் பாவு நூல் கொடுத்துப் புடவை நெய்து வாங்குகிறவர். காசியம்மாளும் அவருக்குத்தான் நெய்தாள். அவர் மகள் தெய்வநாயகியின் முகூர்த்தப் புடவையே காசியம்மாள் தறியில் இறங்கியதுதான். மாப்பிள்ளை சின்னதுரை, சேத்துப்பட்டு. தணிகாசலம் காலையில் தெருவை நடந்து பார்த்தார். தார் ரோடு, சுத்தம். மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது. மறுபடி ஒரு நடை போயிருக்க வேண்டும். கோட்டுக்குப் பித்தான் தைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பலராமன் வீட்டில் அதற்குள் ஒரு யோசனை. மழை அடித்து வந்த மண்ணால் கல்யாண மண்டப வாசலிலிருந்து தெரு முழுக்கச் சேறு. வருகிற பெண்கள் எல்லாரும் பட்டு. ஒரு ஊரே நெய்த பட்டு சேற்றில் இழுபடலாமா? ரைஸ் மில்லுக்கு ஆள் ஓடியது. ஒரு வண்டி மணல், அதன் மேல் இரண்டு வண்டி உமி. வாசலிலிருந்து தெருமுனை வரை கணுக்கால் புதைய மெத்தென்று பரப்பிவிட்டார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேளத்தோடு ஊர்வலம் அந்தத் தெருவில் திரும்பியது. ஜெனரேட்டர் வண்டியில் டியூப் லைட்டுகள். இரண்டு பக்கமும் ஜனம். நடுவில் மஞ்சளாக உமி மெத்தை. நவாபின் காதுகள் நிமிர்ந்தன. எத்தனையோ வருஷம் கழித்து ஷூட்டிங் நடப்பதைப் பார்த்துவிட்டது அது. தணிகாசலம் அதை நிறுத்தப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் போட்டோக்காரர் குறுக்கே வந்தார்.

"யோவ் சிகப்புக் கோட்டு, கொஞ்சம் நகுரு. மாப்ள, வாரக் கையில புடிங்க. அப்டித்தான், ராஜா மாதிரி. இந்தப் பக்கம் பாருங்க!"

சின்னதுரை குனிந்து வாரைப் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தி, இடது பக்கமாக இழுத்துத் திரும்பினான். பளீரென்று ஃப்ளாஷ்.

"அய்யோ, வாணாம்!" என்று தணிகாசலம் கத்துவதற்குள் நவாபு முன்னங்காலை மடக்கிவிட்டது.

அழகான விழுதல். சின்னதுரை மாலையோடு உமிக்குள் உருண்டான். ஒரு கீறல் இல்லை. நவாபு கண்ணை மூடிச் செத்துக் கிடந்தது. மேளம் நின்றது.

ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற பெண்ணின் அத்தை அபிதகுசாம்பாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அடக் கடவுளே! தாலி கட்றதுக்கு முன்னாடி மாப்ளய மண்ணுல தள்ளிட்டு, குதுரையும் செத்துப் பூட்டுதே! ஆவாது இந்தக் கல்யாணம். நிறுத்துங்க!"

"இன்னா நிறுத்தறது?" மாப்பிள்ளையின் மாமன் வேட்டியை மடித்துக் கட்டினார். "எங்க புள்ளய தள்றதுக்குன்னே உமி கொட்டி வெச்சிகினு, பேச்சப் பாரு!"

தணிகாசலம் ஓடிப்போய் நவாபின் கழுத்தில் தட்டினார். அது எழுந்து, உடம்பைச் சிலிர்த்து, பக்கத்திலிருந்த பட்டுப் புடவைகள் எல்லாவற்றின் மேலும் உமியை உதறியது.

"பூடலம்மா, உசுரோடதான் கீது. அது யாரையும் தள்ளல. வுழச் சொன்னாங்க, வுழுந்துச்சி."

"யாரு சொன்னது?"

"மாப்ளதான்."

"நானா?" தலைப்பாகையிலிருந்து உமியைத் தட்டிக்கொண்டிருந்த சின்னதுரை நிமிர்ந்தான். "நான் போட்டோவுக்குத்தானேய்யா சிரிச்சிகினு இருந்தேன்."

தணிகாசலம் மெத்தையையும் வாரையும் விளக்க ஆரம்பித்தார். கூட்டத்தில் யாரோ, "தோ, முதுகு கதைய ஆரம்பிச்சிட்டாரு" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. அபிதகுசாம்பாள் சிரிக்கவில்லை.

"வாயில்லா ஜீவனுக்குத் தெரியும், யாரு நல்லவன் யாரு கெட்டவன்னு. அதான் தள்ளிச்சி."

அந்த வார்த்தை சேத்துப்பட்டு வரைக்கும் போகும் என்று தணிகாசலத்துக்குத் தெரியும். அப்புறம் எந்த மாப்பிள்ளையும் நவாபு மேல் ஏற மாட்டான். வேலூர் ஜட்காதான். அவர் பலராமனிடம் போனார்.

"முதலாளி, நான் ஒரு தபா ஏறிக் காட்டறேன். என்ன வெச்சிகினும் இதே மாதிரி வுழுந்தா, அது பழக்கம்தானே? சகுனம் இல்லியே?"

பலராமன் தங்கையைப் பார்த்தார். "இன்னா சொல்ற?"

"வுழட்டும் பாக்கலாம்" என்றாள் அபிதகுசாம்பாள். "ஆனா அச்சு அசல் அதே மாதிரி வுழணும்."

தணிகாசலம் கூட்டத்தில் காசியம்மாளைத் தேடினார். அவள் பெண்களோடு முன்வரிசையில்தான் நின்றிருந்தாள்.

"இன்னாத்துக்கு என்னப் பாக்கற?"

"அம்மன் முன்னாடி சொல்லிகீறனே."

காசியம்மாள் நவாபைப் பார்த்தாள். மூக்கு நுனியில் உமி ஒட்டிக்கொண்டு, பாராட்டுக்குக் காத்திருப்பதுபோல் நின்றது.

"அம்மன் கிட்ட நான் பேசிக்கிறேன். ஒரே தபா. அந்தத் தோளு மேல மட்டும் வுழாத."

"இடது பக்கமாத்தான் காசி அதுக்கு வுழத் தெரியும்."

"அப்ப ஒழுங்கா வுழு."

அறுபதை எட்டிக்கொண்டிருந்தவர் அவர். குதிரைக்கும் கிழ வயசு. ஆனால் முழங்காலிட்டு உமியைக் கையால் அளைந்து பார்த்தபோது அவருக்குப் பழைய நிதானம் வந்தது. உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்று அகப்பட்டது, எடுத்து எறிந்தார். ஓரத்திலிருந்த உமியை நடுவில் தள்ளச் சொன்னார். மாப்பிள்ளையின் மாமனே குனிந்து தள்ளினார். ஜனம் தானாகப் பின்வாங்கி இடம் விட்டது. தெருமுனைக்குப் போய் ஏறி உட்கார்ந்து, நவாபின் கழுத்தைத் தடவினார்.

"நல்லா பண்ணணும்டா. ரீடேக் கெடையாது."

கிளம்பினார்கள். மெத்தை காலில் பட்டதும் இடது வாரை இழுத்தார். நவாபின் முன்னங்கால் மடங்கியது. அங்கவடியிலிருந்து காலை உருவிக்கொண்டு தளர்ந்தார். வழக்கம்போல் முகம் கழுத்துக்குள் போகப் பார்த்தது. தூக்கினார். டியூப் லைட்டுக்கு நேராக, தெரு முழுக்கப் பார்க்க, முகம் தெரிய விழுந்தார்.

நவாபு கண்ணை மூடிக் கிடந்தது. அவரும் கிடந்தார். தோள் வலித்தது, ஆனால் முறியவில்லை. எழுந்திருக்கத் தோன்றவில்லை. 'கட்' என்று யாரும் சொல்லவில்லையே.

"அய்யய்யோ, அந்த ஆளும் பூட்டாரு!" என்றாள் அபிதகுசாம்பாள்.

உமியில் சரசரவென்று நடந்து வருகிற சத்தம். காசியம்மாள் குனிந்தாள்.

"போதும், எழுந்திரு. எல்லாரும் பாத்துட்டாங்க."

ஒரு கண்ணைத் திறந்தார். "மூஞ்சி தெரிஞ்சிச்சா?"

"நல்லா தெரிஞ்சிச்சி. உமிதான் ஒட்டிகினு கீது." முந்தானையால் துடைத்துவிட்டாள்.

அவர் எழுந்து குதிரையின் கழுத்தில் தட்டியதும், கொட்டகையில் வருமே அந்த மாதிரி விசில், மண்டப வாசலில் பறந்தது. அபிதகுசாம்பாள் ஆரத்தித் தட்டைச் சரிசெய்துகொண்டாள். கற்பூரம் எப்போதோ அணைந்திருந்தது.

"அச்சு அசல் அதே மாதிரிதான் வுழுந்துச்சி" என்று ஒப்புக்கொண்டாள். "மாப்ள, ஏறுங்க, நேரமாவுது. வார மட்டும் தொடாதீங்க."

சின்னதுரை தணிகாசலத்தின் காதருகே குனிந்தான். "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தா நானும் நல்லா வுழுந்திருப்பேனே."

அவன் குதிரை மேலேயே மண்டபம் போய்ச் சேர்ந்தான். மறுநாள் தாலியும் கட்டினான்.

அதற்கப்புறம் கல்யாண வீடுகளிலிருந்து வந்தவர்கள், "குதுரை வுழுவுமா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். உமி கொட்டித் தயாராக வைத்திருந்த வீடுகளும் உண்டு. "அதெல்லாம் வுழாது" என்று உள்ளேயிருந்து காசியம்மாள் குரல் வரும். வேலூர்க்காரருக்கும் அவளே சொல்லியனுப்பினாள்: குதிரை விற்பதற்கில்லை.

ஒரு மாதம் கழித்துப் பலராமன் ஒரு போட்டோ கொடுத்தனுப்பினார். இரண்டாவது விழுதலைப் போட்டோக்காரர் எடுத்திருந்தார். ஆனால் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று எடுத்துவிட்டார். அதில் நவாபின் முகம் ரோமம் ரோமமாகத் தெரிந்தது. பிடரிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோட்டின் முதுகு.

கண்ணாடிச் சட்டம் போட்டு அதைச் சுவரில் மாட்டினார் தணிகாசலம். வீட்டுக்கு யார் வந்தாலும் காட்டுவார். "அது நான்தான்."

"எங்கய்யா, மூஞ்சியே காணோம்?"

அவர் சிரித்துக்கொண்டு நிற்பார். தறிச் சத்தம் நிற்காமலே காசியம்மாள் சொல்வாள்:

"அத நாங்க பாத்துட்டோம்."