முதுகுக்குப் பின்னால் கடல்

தொண்டியைத் தாண்டி ஒரு டீக்கடையில் காரை நிறுத்துகிறேன். அப்பா இறந்த பிறகுதான் ஓட்டப் பழகினேன். திருநகரிலிருந்து இவ்வளவு தூரம் ஓட்டி வந்ததில் தோள்பட்டை கழன்று விழுகிறது.

கடலோரமாகவே ஊர் ஊராய் நின்று போகலாம், அம்மாவுக்கும் மனசு மாறும் என்று கிளம்பியது நான்தான். அம்மாவோ தேவிபட்டினத்திலும் சரி, தொண்டியிலும் சரி, கடல் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. இங்கேயும் பெஞ்சில் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறாள். வெயிலும் கருவாட்டு வாடையும் சேர்ந்து எனக்குத் தலை வலிக்கிறது. பேசாமல் வண்டியைத் திருப்பிவிடலாம் போலிருக்கிறது.

கடைக்கார அக்கா டீயை நீட்டுகிறார். "ஏக்கா, இம்புட்டுத் தூரம் வந்துட்டு ரோட்டையவா பாப்பீக? இங்கிட்டுத் திரும்பி உக்காருங்க, காத்து வரும்."

"திரும்பிப் பாக்கக் கூடாதுல்ல" என்கிறாள் அம்மா. "போன வருசம் சேதுக்கரையில எங்க வீட்டுக்காரர் சாம்பலைக் கரைச்சுட்டு ஏறயில ஐயர் சொன்னாரு."

என் வாயில் டீ அப்படியே நிற்கிறது.

"அது அன்னைக்கு ஒரு நாளைக்குத்தேன்க்கா" என்கிறார் கடைக்கார அக்கா, வடையைத் திருப்பிப் போட்டபடி. "காலத்துக்கும்னா நாங்கள்லாம் எங்கிட்டுப் போய்க் குடியிருக்கிறது?"

அம்மா டம்ளரைக் கீழே வைக்கிறாள். பிறகு பெஞ்சில் கையூன்றி, காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, முழுசாகத் திரும்பி உட்காருகிறாள். காற்றில் முந்தானை பறக்கிறது. இழுத்துச் செருகிக்கொண்டு கடலிடம் சொல்கிறாள்:

"நம்ம மகதேன் வண்டி ஓட்டிக்கிட்டு வாரா."