பதினொரு குடத்துக்குப் பேர் எழுதியது

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை, அதனால் வந்த வினையைச் சொல்லத்தான் வருகிறேன்.

எண்பதுகளின் நடுவில் சேலத்தில் பெண்கள் கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வரலாற்று மேடம் ஒரு கண்காட்சி வைக்கலாம் என்றார். பெண்கள் சேர்ந்து நடத்திய போராட்டங்களைப் படமாக வரைந்து மாட்ட வேண்டும், கிடைக்கிற பொருட்களைக் கொண்டுவந்து வைக்க வேண்டும், வேப்பமரத்தடியில் ஓவியப் பட்டறையும் நடத்த வேண்டும். "புத்தகத்துல இருக்கறதை விடுங்க. உங்க ஊர்ல என்ன நடந்துச்சு, அதைச் சொல்லுங்க" என்றார். வகுப்பே தலையைக் குனிந்துகொண்டது. நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? எழுந்து எங்கள் அம்மா கதையைச் சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊர் புதுச்சத்திரத்துக்குப் பக்கம். தறி இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. முந்தின வருடக் கோடையில் கிணறெல்லாம் காய்ந்து, தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போடக்கூடத் தண்ணீர் இல்லாமல் போனது. ஆண்கள் மனு மேல் மனுவாக எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் காலையில் அம்மா காலிக்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நாமக்கல் ரோட்டைப் பார்த்து நடந்தாள். பின்னாலேயே தெருப் பெண்கள் பத்துப் பேர் போனார்கள். பதினொரு குடத்தையும் ரோட்டுக்குக் குறுக்கே வரிசையாக வைத்துவிட்டு, அவற்றுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் லாரி நின்றது. முதல் லாரி டிரைவர் ஆரன் அடித்து அடித்து ஓய்ந்துபோய், கடைசியில் தன் வண்டியிலிருந்த தண்ணீரை இறக்கி அவர்களுக்கே குடிக்கக் கொடுத்தார். மத்தியானத்துக்குள் ஜீப்பில் அதிகாரி வந்தார். இரண்டு மாதத்தில் போர்வெல் போட்டுக் குழாயும் வந்துவிட்டது.

குழாயோடு ஒரு கல்லும் வந்தது. திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், முயற்சி எடுத்தவர்கள் என்று ஒன்பது பெயர். ஒன்பதும் ஆண்கள். மறியல் நடந்த அன்று தறியை விட்டு இறங்காமல், "மானம் போவுது, எந்திரிச்சு ஊட்டுக்கு வரச் சொல்லு" என்று ஆள் அனுப்பிய என் அப்பாவின் பெயரும் முயற்சி எடுத்தவர்களில் இருந்தது.

அம்மாவுக்கு அது ஆறவே இல்லை. "கொடம் எங்களது. வெயில்ல வெந்தது நாங்க. கல்லு மட்டும் அவங்களுக்காக்கும்?" என்று குழாயடிக்குப் போகும்போதெல்லாம் சொல்வாள். கண்காட்சிக்குக் குடங்களைக் கேட்டு நான் ஊருக்குப் போனபோதும் அதையே சொன்னாள். "கல்லுல இல்லாட்டிப் போவுது. எங்க காலேஜுல உங்க பதினொரு பேர் பேரையும் எழுதி வெக்கறேன். நீயே வந்து பாரு" என்று வாக்குக் கொடுத்தேன். அம்மா நம்பிவிட்டாள். தெருவெல்லாம் போய்ச் சொல்லியும் வந்தாள்.

குடங்கள் வந்து சேர்ந்தன. பித்தளையும் எவர்சில்வருமாகப் பளபளவென்று துலக்கி அனுப்பியிருந்தார்கள். மேசை மேல் வரிசையாக வைத்தோம். பின்னால் காடாத் துணியில் ரோடும் லாரியும் வரைந்து தொங்கவிட்டோம். மேலே 'சாலையை நிறுத்திய பதினொரு பெண்கள்' என்று தலைப்பு. ஒவ்வொரு குடத்துக்கும் முன்னால் ஓர் அட்டை வைத்து, குடத்துக்காரர் பெயரை எழுத வேண்டும். கையெழுத்துக்காரி நான்தானே? கண்காட்சி திறக்க ஒரு மணி நேரம் இருந்தது. உட்கார்ந்து மளமளவென்று எழுதித் தள்ளினேன். எங்கள் பக்கம் பாத்திரம் வாங்கினால் கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டி வைப்பது வழக்கம். கல்யாண வீட்டில் மாறிப் போகாது, குழாயடியில் சண்டை வராது. அதனால் எது யாருடையது என்று நான் யாரையும் கேட்கவே இல்லை. குடத்தைத் திருப்பினேன், பார்த்தேன், எழுதினேன். மேடம் வந்து, "முத்து முத்தா இருக்கு" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பதினொரு மணிக்கு ஊர்ப் பெண்கள் வந்து இறங்கினார்கள். எல்லாரும் நல்ல புடவை, தலை நிறையக் கனகாம்பரம். அம்மா முன்னால் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "கழட்ட வேண்டாங்களா?" என்று பிறகு கேட்டாள். குடங்களைப் பார்த்ததும் அத்தனை பேர் முகமும் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம கொடந்தான்! மணமேடையில ஒக்கார வெச்சாப்பல வெச்சிருக்காங்க பாருங்க!"

எங்கள் தெருவில் கடைசி வீட்டு அத்தை அப்போது முதியோர் கல்வியில் சேர்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்தார். படிக்கக் கிடைத்த எதையும் விடமாட்டார். "என் பேரை நானே படிக்கறேன்" என்று குனிந்து, விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படித்தார். நான்காவது எழுத்தில் சடாரென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அய்யய்யோ! எங்கூட்டுக்காரரு பேரைச் சொல்ல வெச்சுட்டியே சாமி!"

இருபத்தைந்து வருடம் வாயால் சொல்லாத பேர். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த அட்டையைப் பார்த்தாள், அதற்கடுத்ததைப் பார்த்தாள். எங்கள் குடத்துக்கு முன்னால் வந்து நின்றாள். அங்கே அப்பா பெயர்.

"ஏங்கண்ணு, உங்கப்பன் எப்ப வந்து ரோட்டுல ஒக்காந்தாரு?"

அப்போதுதான் தலைப்பை நிமிர்ந்து பார்த்தேன். பதினொரு பெண்கள் என்று தலைப்புப் போட்டு, கீழே பதினொரு ஆண்களை வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன்! குடத்தில் வீட்டுக்காரர் பேர்தானே வெட்டியிருக்கும்? பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஆனாலும் எழுதும்போது ஒரு நொடிகூட உறைக்கவில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டேனா என்று இருந்தது. அந்தக் கல்லைச் செதுக்கியவரை அம்மா எத்தனை வசவு வைதிருப்பாள்! அவருக்கும் எனக்கும் இப்போது என்ன வித்தியாசம்?

மேடத்துக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் என்னைத் திட்டவில்லை. அட்டைகளை எல்லாம் அள்ளி என் கையில் திணித்தார். "பட்டறைன்னு எதுக்கு வெச்சிருக்கோம்? எல்லாரையும் மரத்தடிக்குக் கூட்டிட்டு வா."

புது அட்டை, பிரஷ், போஸ்டர் கலர். முதலில் கடைசி வீட்டு அத்தையிடம் போனேன். பிரஷைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தால், அவர் பேர் எனக்குத் தெரியாது. கடைசி வீட்டு அத்தை, அவ்வளவுதான். அடுத்தவர் கிணத்தடி அக்கா. அதற்கடுத்தவரை அவர் மூத்த பெண்ணின் பேரைச் சொல்லி அவளுடைய அம்மா என்பேன். கைக்குழந்தையில் என்னைத் தூக்கி வைத்திருந்த பெண்கள், ஒருத்தர் பேர்கூடத் தெரியவில்லை. ஒவ்வொருவராகக் கேட்டேன். "என் பேரா? அதை ஆரு கேட்டாங்க இத்தனை நாளா!" என்று ஒருவர் வெட்கப்பட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஒருவர், "பொறந்த ஊட்டுப் பேரா, ரேசன் கார்டுப் பேரா?" என்று கேட்டார். கடைசி வீட்டு அத்தை என் கையிலிருந்த பிரஷைப் பிடுங்கித் தன் பேரைத் தானே எழுதினார். அட்டை பத்தவில்லை. பேரில் பாதி மேசை மேல் போனது. சுற்றிலும் நின்ற மாணவிகள் கை தட்டினார்கள். இரண்டு பேர் எழுதிய கையோடு குடமும் கொடியும் வரைந்தார்கள், ஒருவர் லாரி வரைந்து அதற்கு மீசையும் வைத்தார். அப்படி ஒரு சிரிப்பும் கூத்தும் அந்த மரத்தடியில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் நான் பார்க்கவில்லை.

கடைசியாக அம்மா.

"என் பேராச்சும் தெரியுமா உனக்கு?"

"தெரியாம?"

"அப்ப எழுது, பாக்கலாம்."

முதல் எழுத்தை எழுதியபோதுதான் தெரிந்தது, அந்தப் பேரை அதுவரை நான் எழுதியதே இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர, பரீட்சைக்குக் கட்ட, விடுதியில் இடம் கேட்க என்று எத்தனை விண்ணப்பம் நிரப்பியிருப்பேன்! எல்லாவற்றிலும் தந்தை பெயர், தந்தை பெயர். இருபது வயதில், அன்றைக்குத்தான் என் அம்மா பேரை முதல்முறையாக எழுதினேன். முத்து முத்தான கையெழுத்து எங்கே போனதோ தெரியவில்லை. கடைசி எழுத்து சாய்ந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"வேற அட்டையில எழுதட்டுமா?"

"வேண்டாஞ்சாமி, அதே இருக்கட்டும். நல்லாத்தான் இருக்குது." ஈரப் பெயிண்டைத் தொடாமல் விரலை மேலே வைத்து ஓட்டிப் பார்த்தாள். பிறகு மேடம் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, இந்தப் பெயிண்டு மழைக்குத் தாங்குமுங்களா?"

"தாங்காதும்மா. எதுக்குக் கேக்கறீங்க?"

"எங்கூருக் கொழாயடியில ஒரு கல்லு இருக்குதுங்க. அதுக்குப் பின்பக்கம் சும்மாதான் கெடக்குது."

அடுத்த வாரம் நான் ஊருக்குப் பஸ் ஏறியபோது, லாரிக்கு அடிக்கிற பெயிண்ட் டப்பா ஒன்றும் இரண்டு பிரஷும் என் பையில் இருந்தன.