கரையைக் கடந்த புயல்

எனக்குக் கோவையாக எழுத வராது, ஐந்தாவதுதான் படித்தேன். ஞாபகமும் மங்கிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதாம் வருஷத்துக்கு முன்னேயோ பின்னேயோ, ஒரு கார்த்திகை மாதம். எங்கள் மலையூரான வில்பட்டியில் மேட்டுக்காட்டில் எங்களுக்கு உருளைக்கிழங்கு. புயல் வருகிறது என்று டீக்கடை ரேடியோ சொன்னதால் என் வீட்டுக்காரர் இரண்டு நாளாகக் காட்டுக்குப் போகவில்லை. மறுநாள் காலையில் டீக்கடையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார்.

"புயல் கரையைக் கடந்துருச்சாம் புள்ள. தோண்டிப் போட்ட கிழங்கு நனைஞ்சு கெடக்கு. மூடிட்டு வெரசா வந்துர்றேன்."

"காத்து இன்னும் ஊளையிடுதுங்களே?"

"கடந்து போனது திரும்பியா வரும்? நீ சோத்த வடி."

எனக்கும் சரியென்றுதான் பட்டது. கடந்துவிட்டது என்றால் போய்விட்டது என்றுதானே அர்த்தம்? கடலைத் தாண்டிய புயல் எங்கள் மலையைப் பார்த்துத்தான் வருகிறது என்று தெரியவில்லை. சோறு வடிக்கும்போதே கூரைத் தகரம் பறந்தது. சாயங்காலம் காற்று அடங்கிய பிறகுதான் ஊர்க்காரர்கள் மேலே போக முடிந்தது. விழுந்து கிடந்த தைல மரத்துக்கு அடியிலிருந்து அவரைத் தூக்கி வந்தார்கள். கிழங்கை முழுக்க மூடியிருந்தாராம்.

இப்போதும் புயல் கரையைக் கடந்தது என்று கேட்டால் பிள்ளைகள் "அப்பாடா" என்கிறார்கள். நான் எழுந்து கதவைத் தாழிடுகிறேன்.

அன்றைக்கு ரேடியோ அதற்குப் பிறகும் ஏதாவது சொன்னதா? தெரிந்தவர்கள் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.