சின்னராசு மடித்த குழாய்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கேஸ் சிலிண்டர் செய்யும் கம்பெனியில், சின்னராசுவைக் கண்டால் காக்காகூட அடுத்த ஷெட்டுக்குப் போய்விடும். பத்தொன்பது வருடமாக அவருக்கு ஒரே வேலை. காற்றடைத்த சிலிண்டரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்குவார். குமிழி வந்தால் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி. வெல்டர்கள் கெஞ்சுவார்கள். அவர் குறியை இன்னும் பெரிதாக்குவார். கவரைப்பேட்டை வீட்டில் மனைவி செங்கம்மாள் சுட்ட தோசையிலும் ஓட்டை எண்ணுகிற ரகம்.

அப்பேர்ப்பட்டவரின் நுரையீரலே இந்த மழைக்காலத்தில் லீக் ஆனது.

ஃப்ளூ காய்ச்சல் என்று ஆரம்பித்தது, வைரஸ் நிமோனியாவாகிவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு கிடந்தார். ஆறாம் நாள் இருமிய இருமலில் உள்ளே எங்கோ கிழிந்தது. கழுத்தும் மார்பும் பூரி மாதிரி உப்பின. தொட்டால் தோலுக்கடியில் நெறுநெறுவென்றது. நுரையீரலிலிருந்து கசியும் காற்று நெஞ்சுக்கூட்டில் தேங்கி நுரையீரலையே அமுக்குகிறது என்றார் டாக்டர். விலாவில் ஓட்டை போட்டு ஒரு குழாயைச் செருகினார். அதன் மறுமுனை கட்டிலுக்குக் கீழே, தண்ணீர் ஊற்றிய பாட்டிலில்.

பாட்டிலில் குமிழி வந்தது. குபுகுபுவென்று வந்தது.

மூன்று நாள் அதையே முறைத்துக்கொண்டு கிடந்தவர், மாஸ்க்கைத் தூக்கி நர்ஸ் கிறிஸ்டினாவைக் கேட்டார்.

"இன்னாம்மா, லீக்கு நிக்கவே இல்ல?"

"வரணும் சார். உள்ள மாட்டிக்கின காத்து வெளிய வருது. நுரையீரல் ஆறுச்சின்னா தானா நிக்கும்."

"பத்தொம்போது வருசமா குமிழி பாக்குறவன் நானு. குமிழி வந்தா மாலு ரிஜெக்ட்டு."

"தெரியுமே. எங்க அண்ணன் ஸ்டீபன் போட்ட வெல்டத்தான் நாப்பது பீஸு ரிஜெக்ட் பண்ணி அவன ஊட்டுக்கு அனுப்பிச்சீங்க. மாஸ்க்க போடுங்க."

சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். சின்னராசு பாட்டிலை மறுபடி எட்டிப் பார்த்தார். ஓகோ, கதை இப்படிப் போகிறதா! அண்ணனுக்காக லீக்கை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறாள்.

மத்தியானம் கஞ்சியோடு வந்த செங்கம்மாளிடம் முனகினார். "அந்த நர்ஸு வெல்டர் ஸ்டீபன் தங்கச்சிடி. என்ன மேல அனுப்பப் பாக்குது."

"உன்ன மேல அனுப்ப கம்பெனியே வரிசைல நிக்குதுய்யா. அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு முண்டியடிக்கப் போவுது? சும்மா பட்த்துக்கினு இரு."

அவள் பாத்திரம் கழுவப் போனாள். கஞ்சிப் பையின் வாயில் ஒரு ரப்பர் பேண்ட் இருந்தது. சின்னராசு குழாயை மடித்தார், மடிப்பின் மேல் அதை மூன்று சுற்று சுற்றினார்.

குமிழி நின்றது. பாட்டில் தண்ணீரில் அசைவே இல்லை. அவர் சிரித்தார், பல வருடங்களில் முதல் தடவையாக இருக்கும்.

சிரிப்பு ஐந்து நிமிடம் தாங்கவில்லை. நெஞ்சுக்குள் யாரோ லாரி டயருக்குக் காற்றடிப்பதுபோல் இருந்தது. மூச்சு உள்ளே போக இடமில்லை. கண் இருட்டியது. கூப்பிட வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. தலைமாட்டு மெஷின்தான் அவருக்குப் பதிலாக அலறியது.

கிறிஸ்டினா ஓடிவந்தாள். விலாவிலிருந்து குழாயைத் தடவிக்கொண்டே வந்து மடிப்பைப் பிடித்தாள். ரப்பரைப் பிய்த்தெறிந்தாள். பாட்டில் கொதிக்கும் உலைபோலக் குமுறியது.

"எந்த பேமானி பண்ணான் இத?"

சின்னராசு தன்னையே விரலால் காட்டினார்.

"யோவ்! சாவுறதுன்னா உன் ஊட்ல போய் சாவு. என் டூட்டில சாவாத!" வாய் இப்படித் திட்ட, கை அவர் முதுகைத் தாங்கி நிமிர்த்தியது.

மூச்சு திரும்பியதும் அவர் சொன்னது நன்றி அல்ல. "உங்க அண்ணன் வெல்டு... லீக்குதான்."

"தெரியும்யா. காலைலயே குட்ச்சிட்டு வெல்டு போட்டா லீக்காவாம இன்னா பண்ணும்? ரிஜெக்ட் பண்ணது கரெக்ட்டு. அத்தினி பேர் எதிர்ல அவன் சட்டைலயும் சாக்பீஸ்ல குறி போட்டியே, அதான் மறக்க மாட்டேன்."

சின்னராசு மாஸ்க்கை இழுத்து மூக்கில் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தபா குழாய தொட்ட, கைய கட்டிலோட கட்டிடுவேன்."

குமிழி தானாக நிற்க இன்னும் ஐந்து நாள் ஆனது. அதுவரை அவர் குழாய்ப் பக்கம் விரலைக் கொண்டுபோகவில்லை. செங்கம்மாளின் முட்டி அதில் பட்டால்கூட, "எட்த்துக்கடி கால!" என்று கத்தினார். கிறிஸ்டினா வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் குழாயைப் பார்த்துவிட்டு, நழுவிய போர்வையை இழுத்துவிட்டுப் போவாள்.